42.34 மீட்டரில் ஒரு குரல்

சில தினங்களுக்கு முன் நம் வீட்டுச் சிறுவன் ஒருவன், செல்போனைக் காதிலிருந்து எடுத்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "மும்பையில் அத்தை பேசியது இதற்குள் எந்த வழியாக வந்தது? கம்பியையே காணோமே!" என்று கேட்டான். "காற்று வழியாக வந்தது" என்று ஒரு பெரியவர் பதில் சொல்லி வைத்தார்.

பெரியவர்கள் சொல்லும் பதில்களில் பல இவ்வாறுதான் இருக்கின்றன. சப்தம் காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் தூரந்தான் செல்லும். மும்பைக்கும் சென்னைக்கும் நேர்க்கோட்டில் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். அத்தை "சாப்பிட்டாயா?" என்று கேட்டது காற்று வழியாகவே வருவதாக வைத்துக்கொண்டாலும், வந்து சேர ஐம்பது நிமிஷம் ஆகும். அதற்குள் சாப்பாடு முடிந்து பாத்திரங்களையும் துலக்கிக் கவிழ்த்திருப்பார்கள். உண்மையில் அந்தக் கேள்வி வந்து சேரக் கண்ணிமைக்கும் நேரங்கூட ஆகவில்லை. அது சப்தமாக வரவும் இல்லை.

பின் எவ்வாறு வந்தது? இதைச் சாஸ்திரப் புஸ்தகத்தின் முறையில் சொல்லப் புகுந்தால் நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள் என்பதை நாம் அறிவோம். ஆகையால் ஒரே ஒரு ரேடியோ நிலையத்தின் கதையைச் சொல்லி, அதன் வழியாக விஷயத்தையும் விளக்க விரும்புகிறோம். அந்த நிலையம் உயிரோடிருந்தது சுமார் பதினொரு வாரங்களே. அதற்குச் சொந்தமாக ஒரு கட்டிடங்கூடக் கிடையாது. ஆயினும், செய்தியனுப்பும் மின்சாரக் கலையின் பலம் முழுவதையும், அதன் ஒரே பெரிய பலவீனத்தையும் அதைப்போல் எடுத்துக் காட்டக்கூடியது வேறொன்று இல்லை என்பது நமது அபிப்பிராயம்.

1942-ம் வருஷம் ஆகஸ்டு 8-ந் தேதி பம்பாய் கோவாலியா குள மைதானத்தில் காந்தி மகான் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். மறுநாள் பொழுது விடிவதற்குள் அவரும் மற்றத் தலைவர்களும் சிறைப்பட்டனர். பத்திரிகைகளின் வாய் கட்டப்பட்டது, 'ஹரிஜன்' நிறுத்தப்பட்டது. ரேடியோவோ சர்க்காருடைய கையில். பொழுதுபோக்குக்காகச் சொந்தத்தில் ஒலிபரப்புக் கருவி வைத்திருந்தவர்களின் லைசென்ஸுகளும் 1939-ல் யுத்தம் மூண்டபோதே ரத்தாகிவிட்டன. தேசத்தில் எங்கே என்ன நடக்கிறது என்பதைத் தேசத்தாருக்கே சொல்ல வழியில்லாத நிலை.

இந்நிலையில்தான் ஆகஸ்டு 27-ந் தேதி, 42.34 மீட்டரில், 'இந்தியாவில் எங்கோ ஓர் இடத்திலிருந்து' காங்கிரஸ் ரேடியோ பேசுவதாக ஒரு பெண்குரல் அறிவித்தது. குரலுக்குரியவர் ஸ்ரீமதி உஷா மேத்தா. சூரத்துக்கு அருகில் ஸரஸ் என்னும் கிராமத்தில் பிறந்தவர். அப்பொழுது வயது 22. அவருடன் விட்டல்பாய் ஜவேரி, சந்திரகாந்த் ஜவேரி முதலிய சில இளைஞர்கள். காங்கிரஸ் மகாநாடுகளுக்கு ஒலிபெருக்கி வைத்துக்கொடுத்து வந்த சிகாகோ ரேடியோ கம்பெனியின் நானக் மோட்வானி கருவிகளுக்கு உதவி செய்தார். தலைமறைவாயிருந்த டாக்டர் ராம் மனோகர் லோஹியா வழிகாட்டினார்.

'42.34 மீட்டர்' என்றால் என்ன? அந்த எண்ணைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் புரிந்ததாகும். அதற்கு மைக்ரோபோனிலிருந்து தொடங்கவேண்டும்.

குரல் ஏறும் வாகனம்

நாம் பேசும்போது காற்று அதிர்கிறது. அந்த அதிர்ச்சி மைக்ரோபோனிலுள்ள மெல்லிய தகட்டை ஆட்டுகிறது. தகட்டின் ஆட்டத்துக்குத் தக்கபடி ஒரு கம்பியில் ஓடும் மின்சாரம் கூடியும் குறைந்தும் ஓடுகிறது. குரல் இவ்வாறு மின்சாரமாக மாறிய பின், கம்பியின் மறுமுனையில் வேறொரு தகட்டை அதே ரீதியில் ஆட்டிவைத்தால், அங்கே அதே குரல் மறுபடி பிறக்கிறது. 1876-ல் கிரஹாம் பெல் உரிமை பெற்ற டெலிபோன் இவ்வளவுதான்.

கம்பியை அறுத்தெறிந்துவிட்டு, இந்த மின்சாரத்தையே ஏரியலில் செலுத்தி வெளியில் பறக்கவிட முடியாதா? முடியாது என்று சொல்வதற்கில்லை, கட்டுபடியாகாது. மின்காந்த அலைகள் வினாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகின்றன. நம் குரலில் வினாடிக்கு ஆயிரம் முறை அதிரும் ஒரு சுரத்தை எடுத்துக்கொண்டால், அது உண்டாக்கும் அலையின் நீளம் 300 கிலோமீட்டர். ஓர் ஏரியல் நன்றாக வேலை செய்யவேண்டுமானால் அலை நீளத்தில் கால்பங்காவது இருப்பது நலம். ஆக, 75 கிலோமீட்டர் உயரமுள்ள கம்பம் ஒன்று நட்டாக வேண்டும்! அப்படியே நட்டாலும், ஒரே சமயத்தில் பேசும் எல்லா நிலையங்களின் குரலும் ஒன்றோடொன்று கலந்து, சந்தைக் கூச்சலாகத்தான் காதில் விழும்.

ஆகவே வேறோர் உபாயம் செய்தார்கள். குரல், தானே நடந்து போக இயலாத பிரயாணி. அதற்கு ஒரு வாகனம் வேண்டும். வினாடிக்கு லட்சக்கணக்கான முறை அதிரும் மின்சார அலை ஒன்றை முதலில் உண்டாக்கிக்கொள்வது. பிறகு அதன் முதுகில் குரலை ஏற்றி அனுப்புவது. இந்த வாகன அலை எப்படிப் பிறக்கிறது என்று அறிய, கூடத்தில் தொங்கும் ஊஞ்சலைப் பார்த்தால் போதும். ஊஞ்சலுக்கு ஒரு தாளம் உண்டு. ஒரு தடவை தள்ளிவிட்டால் சிறிது நேரம் ஆடி ஓய்ந்துபோகும். திரும்பி வரும் ஒவ்வொரு தடவையும், சரியான தருணத்தில், ஒரு விரலால் தொட்டுவிட்டாலே ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். ஒரு கம்பிச் சுருளையும் ஒரு கண்டென்ஸரையும் சேர்த்தால், மின்சாரம் அவ்விரண்டுக்கும் நடுவில் ஊஞ்சலாடுகிறது. சரியான தருணத்தில் தொட்டுவிடும் விரல்தான் வால்வு. 1906-ல் லீ டி பாரஸ்ட் என்ற அமெரிக்கர் மூன்று முனைகளுள்ள வால்வை அமைத்தார். இன்று அதன் ஸ்தானத்தில் நகக்கண்ணளவுச் சிலிக்கான் சில்லில் கோடிக்கணக்கான டிரான்ஸிஸ்டர்கள் உட்கார்ந்திருக்கின்றன. விரல் சிறுத்துவிட்டது, ஊஞ்சல் அதேதான்.

காங்கிரஸ் ரேடியோவின் ஊஞ்சல் வினாடிக்கு 70 லட்சத்துக்குச் சற்று அதிகமான முறை ஆடியது. 3 லட்சம் கிலோமீட்டரை அந்த எண்ணால் வகுத்துப் பார்த்தால் 42.34 மீட்டர் வரும். அதாவது, அலையின் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவிலுள்ள தூரம். இதற்குக் கால் அலை ஏரியல் பத்தரை மீட்டர்தான். ஒரு மாடி வீட்டின் உயரத்துக்குள் அடங்கிவிடும். இனி, குரலின் ஏற்றத்தாழ்வுக்குத் தக்கபடி இந்த அலையின் பலத்தைக் கூட்டியும் குறைத்தும் விட்டால், குரல் வாகனம் ஏறிவிட்டது. இதற்குத்தான் மாடுலேஷன் என்று பெயர். அலையின் பலத்தை மாற்றாமல், அது ஆடும் வேகத்தை மாற்றியும் குரலை ஏற்றலாம். எப். எம். என்று நேயர்கள் கேட்டிருப்பது அதுவே. இந்தியாவில் முதல் எப். எம். நிலையம் 1977-ல் நமது சென்னையில் அமைந்தது என்பதை இங்கே சொல்லிக்கொள்வதில் நமக்கு ஒரு சிறு திருப்தி.

பூமி உருண்டையானால் அலை எப்படி வளைந்தது?

வெளிச்சத்தைப் போலவே மின்காந்த அலையும் நேராகத்தான் செல்லும். பூமியோ உருண்டை. பம்பாயில் பேசியது நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் கேட்பானேன்? 1901-ம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி இங்கிலாந்தில் போல்டு என்னுமிடத்திலிருந்து அனுப்பிய மூன்று புள்ளிகளை, அட்லாண்டிக்குக்கு அப்பால் நியூபவுண்ட்லாந்தில் தாம் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தபோது, பண்டிதர்கள் பலருக்கு இதே சந்தேகந்தான் எழுந்தது. விடை நம் தலைக்கு மேலே இருந்தது. பூமியிலிருந்து நூறு கிலோமீட்டரும் அதற்கு மேலும் உயரத்தில், சூரிய கிரணம் தாக்கிச் சிதறிய அணுக்களால் ஆகிய ஒரு மின்சார மண்டலம் இருக்கிறது. சிற்றலைகள் அதில் பட்டுத் திரும்பிப் பூமிக்கே வருகின்றன. 1924-ல் ஆப்பிள்டன் இதைப் பரிசோதனையால் நிலைநாட்டினார். கல்கத்தாவில் ஸிஸிர்குமார் மித்திரர் இத்துறையில் செய்த ஆராய்ச்சிகளை உலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. 42 மீட்டர் அலை இத்தகைய சிற்றலைதான். இருட்டிய பின் வெகு தூரம் எட்டக்கூடியது. ஆகாயத்தையே சுவராகக் கொண்டு பந்தடித்தார்கள் அந்த இளைஞர்கள்.

சிட்டகாங்கில் குண்டு விழுந்தது, ஜாம்ஷெட்பூரில் வேலை நிறுத்தம் நடந்தது, சிமூரில் ஜனங்கள் பட்ட அவதி - பத்திரிகைகள் தொடப் பயந்த இச்செய்திகளையெல்லாம் அந்த ரேடியோ சொல்லிற்று.

இனிக் கேட்பவர் வீட்டுக்கு வருவோம். அவருடைய ஏரியலில் ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கான நிலையங்களின் அலைகள் வந்து மோதுகின்றன. அவற்றுள் வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுப்பது மறுபடியும் ஊஞ்சலின் வேலை. பெட்டியின் திருகைத் திருப்பும்போது, அதற்குள்ளிருக்கும் மின்சார ஊஞ்சலின் தாளத்தை நாம் மாற்றுகிறோம். 42.34 மீட்டரின் தாளத்துக்கு அது சரியாக அமைந்ததும், அந்த ஓர் அலைக்கு மட்டும் துள்ளி ஆடுகிறது. மற்ற அலைகளைப் பொருட்படுத்துவதில்லை. வந்து சேரும் சக்தியோ அற்பசொற்பம். ஒரு வாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இராது. அதைப் பெருக்கிக்கொள்ள மறுபடி வால்வு வேண்டும்.

அதற்குமேல் ஒரு காரியம் பாக்கி. வாகனத்திலிருந்து பிரயாணியை இறக்கவேண்டும். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தைப்போல், அலையை நீக்கிக் குரலை மட்டும் தரும் ஒரு கருவி தேவை. மின்சாரத்தை ஒரு திசையில் விட்டு மறு திசையில் தடுக்கும் எந்தப் பொருளும் இதைச் செய்யும். கலீனா என்னும் ஈயத் தாதுவுக்கு அலைகளைக் கண்டறியும் சக்தி உண்டென்று கண்டு, அதற்கு 1904-ல் அமெரிக்காவில் உரிமை பெற்றவர் யார் தெரியுமா? நமது ஆசாரியர் ஜகதீச சந்திர வஸுதான். 1895-லேயே கல்கத்தாவில், சுவர்களுக்கு அப்பால் கம்பியில்லாமல் அலையை அனுப்பி, மணியை அடிக்கவும் வெடிமருந்தை வெடிக்கவும் செய்து காட்டியவர் அவர். தமது கண்டுபிடிப்புகளைக் காசாக்கிக்கொள்வதில் அவருக்கு மனமில்லை. நண்பர்களின் வற்புறுத்தலாலேயே உரிமைக்கு மனுச் செய்தார். பிற்காலத்தில் வால்வு வாங்கப் பணமில்லாத எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள், ஒரு துண்டுக் கலீனாவையும் ஒரு மெல்லிய கம்பியையும் வைத்துக்கொண்டு, மின்சாரச் செலவே இன்றி ரேடியோ கேட்டார்கள்.

இடையில் இரைச்சல் என்று ஒரு சத்துரு உண்டு. மின்னல், மோட்டார், மின்விசிறியின் ரெகுலேட்டர் யாவும் அலைகளை எழுப்புகின்றன. வேண்டுமென்றே அதே அலை நீளத்தில் கூச்சலை அனுப்பிப் பிறர் பேச்சை அமுக்குவதும் உண்டு. சர்க்கார்களுக்கு அது கைவந்த கலை. குரலைப் பெருக்கினால் இரைச்சலும் கூடவே பெருகுகிறது. ஏட்டுச் சுவடியைப் பார்த்து எழுதினவர்கள் முன்னவர் பிழையோடு தம் பிழையையும் சேர்த்து எழுதினார்களே, அதைப்போல. செல்போன் இதற்கு ஒரு மாற்று கண்டிருக்கிறது. குரலை வினாடிக்கு 8,000 தடவை அளந்து, அளவுகளையெல்லாம் ஒன்று, பூஜ்யம் என்னும் இரண்டே எழுத்துக்களில் எழுதிவிடுகிறது. எழுத்து எவ்வளவு மங்கினாலும் இது ஒன்றா பூஜ்யமா என்று கண்டுகொள்ள முடிந்தால் போதும். அடுத்த நிலையத்தில் புது மையால் எழுதியதுபோல் சுத்தமாக எழுதி அனுப்பலாம். ஆனால் எதற்கும் எல்லை உண்டு. பாதையின் அகலமும் இரைச்சலின் அளவும் தெரிந்தால், அதன் வழியாக வினாடிக்கு இவ்வளவு செய்திக்கு மேல் பிழையின்றி அனுப்ப முடியாது என்பதை 1948-ல் கிளாட் ஷானன் என்னும் அமெரிக்கர் கணக்கிட்டுக் காட்டினார். இன்றைய இன்டர்நெட்டும் அக்கணக்குக்குக் கட்டுப்பட்டதே.

கேட்பவன் ஒளியலாம், பேசுபவன் ஒளிய முடியாது

பலத்தையெல்லாம் சொன்னோம். பலவீனம் எது? அலைக்கு வேண்டியவன், வேண்டாதவன் என்ற பேதம் தெரியாது என்பதே. தேசபக்தரின் வீட்டுக்குள் புகுந்த அதே அலை, அதே பலத்துடன், போலீஸாரின் கருவிக்குள்ளும் புகுந்தது. அது என்ன சொல்கிறது என்பதை மட்டுமல்ல, எந்தத் திக்கிலிருந்து வருகிறது என்பதையும் சேர்த்தே சொல்லிற்று.

இதை நேயர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பழைய டிரான்ஸிஸ்டர் ரேடியோ ஒன்று பரணில் இருந்தால் எடுத்து, மத்திய அலையில் ஏதேனும் ஒரு நிலையத்தை வைத்துக்கொண்டு, பெட்டியைப் படுக்கைவசமாக மெல்லச் சுற்றுங்கள். ஒரு திக்கில் குரல் மிக மங்கிப்போகும். பெட்டிக்குள் நீளவாட்டில் கிடக்கும் கருப்புத் தண்டு அப்போது அந்த நிலையத்தை நோக்கி நிற்கிறது என்று பொருள். பூகோளப் படத்தில் அந்தத் திக்கில் ஒரு கோடு கிழித்துவிட்டு, வேறோர் ஊருக்குப் போய் மறுபடி சோதித்து இன்னொரு கோடு கிழித்தால், இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நிலையம் இருக்கிறது. போலீஸ் வண்டிகளிலிருந்த கருவிகளுக்கும் அடிப்படை இதுதான். பக்கத்துத் தெருவுக்கு வந்துவிட்டால், திசை காண்பதோடு அலையின் பலமும் வழி காட்டும்.

இதற்கு இரண்டே பரிகாரங்கள். கொஞ்ச நேரமே பேசுவது. அடிக்கடி இடம் மாறுவது. இரண்டையும் அவர்கள் செய்தார்கள். சௌபாத்திக் கடற்கரையில் ஸீ வ்யூ என்ற கட்டிடத்தில் ஆரம்பித்துப் பம்பாய் நகரத்துக்குள்ளேயே இடம் மாற்றி மாற்றிப் பேசிவந்தார்கள். பேச்சுக்களை ஓரிடத்தில் பதிவு செய்து, வேறோரிடத்திலிருந்து ஒலிபரப்பும் ஏற்பாடும் பின்னர் செய்துகொண்டார்கள். கருவியை ஒரு பெட்டியில் வைத்து எடுத்துப் போய்விடலாம். ஏரியலோ வீட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றால்தான் வேலை செய்யும். புது வீட்டுக்கு வந்து கம்பி கட்டும் குடித்தனக்காரர்களை அக்கம்பக்கத்தார் என்னவென்று நினைத்திருப்பார்களோ!

இன்றைய செல்போனில் அந்த ஏரியல்கூட வெளியே தெரிவதில்லை. 900 மெகாஹெர்ட்ஸில் அலை நீளம் 33 சென்டிமீட்டர். அதில் கால்பங்கு ஒரு விரல் நீளந்தான். பேச்சைப் பிறர் கேளாதபடி சங்கேதமாக்கவும் வழி இருக்கிறது. எனினும் பழைய பலவீனம் போய்விடவில்லை. ரேடியோப் பெட்டி வெறுமனே கேட்கும். செல்போனோ, நாம் வாய் திறவாமல் மேஜைமேல் போட்டு வைத்திருக்கும்போதும், 'இங்கே இருக்கிறேன்' என்று அவ்வப்போது அருகிலுள்ள கோபுரத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. சொல்லாவிட்டால், அத்தையின் அழைப்பை எந்தக் கோபுரத்துக்கு அனுப்புவது என்று கம்பெனிக்குத் தெரியாது. 1942-ல் பம்பாயில் ஒரு சிலர் மட்டும் துணிந்து செய்த காரியத்தை, இன்று நாம் ஒவ்வொருவரும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அறியாமலே செய்துகொண்டிருக்கிறோம்.

நவம்பர் 12-ந் தேதி மாலை மகாலக்ஷ்மி கோவிலுக்கு அருகில் பாரடைஸ் பங்களாவிலிருந்து ஒலிபரப்பு நடந்துகொண்டிருந்தது. தேடும் வண்டிகள் பல நாளாகச் சுற்றிக்கொண்டிருந்தன. கடைசியில் இடத்தைக் காட்டிக் கொடுத்தது வண்டிகூட அல்ல. கருவி வேலை தெரிந்த ஒரு மனிதன். உள்ளே நிகழ்ச்சி முடியும் நேரம். 'வந்தே மாதரம்' ஒலித்துக்கொண்டிருந்தபோது போலீஸார் கதவை உடைத்து உள்ளே புகுந்தார்கள். நிறுத்தச் சொன்னார்கள். உஷா மேத்தா நிறுத்தவில்லை.

பிறகு பல மாத காலம் விசாரணை. உடன் வேலை செய்தவர்கள் யார், பணம் எங்கிருந்து வந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கோர்ட்டில் வழக்கு வந்தபோது அவர் நீதிபதியிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: கேள்விகளுக்குப் பதில் சொல்லத்தான் வேண்டுமா? அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை என்றார் நீதிபதி. அதன் பின்னர் அவர் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. நான்கு வருஷச் சிறை விதித்து எரவாடாவுக்கு அனுப்பினார்கள். 1946-ம் வருஷம் வெளியே வந்தார்.